தேதி குறிக்காத எண்ணெய்

பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஓர் உடம்பில் பொருத்தி, எந்த வேளையில் எது உழைப்பது என்ற தீர்மானத்தை ஓட்டுபவரைக் கேளாமலேயே எடுத்துக்கொள்ளும் ஹைப்ரிட் கார், டொயோட்டா பிரியஸ் என்ற பெயரில் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்து 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவையும் அடைந்த நாள்முதலாக, அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அது மிச்சப்படுத்தும் பெட்ரோலையே பேசி வந்திருக்கிறார்கள். அது நியாயந்தான். ஆனால் அந்த வண்டிக்குள் பெட்ரோலைத் தவிர வேறு திரவங்களும் இருக்கின்றன. அவை எரிவதற்காக ஊற்றப்பட்டவை அல்ல, மாதந்தோறும் கடையில் நிரப்பப்படுபவை அல்ல, ஓட்டுபவரின் கண்ணில் படுபவையும் அல்ல. ஆயினும் வண்டி இருபது வருஷம் ஓடுமா, பத்து வருஷத்தில் படுத்துவிடுமா என்பதை நிர்ணயிப்பதில் அவற்றின் பங்கு சாமானியமானதன்று. அவற்றைச் சொந்தக் கையால் மாற்றும் காரியத்தைப் பற்றி எழுத எனக்கு நெடுநாளாக ஆவல். 2003 முதல் 2009 வரை விற்பனையான இரண்டாம் தலைமுறைப் பிரியஸை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவில் இன்றைக்கும் சர்வசாதாரணமாகக் காணக்கிடைப்பதும், என் வீட்டு வாசலில் நிற்பதும், நான் கீழே படுத்துப் பார்த்து அறிந்ததும் அந்த வண்டியே.

ஹைப்ரிட் என்ற சொல்லைக் கேட்டதும், பழைய கார்களில் தாமே ஆயில் மாற்றிப் பழகியவர்கள்கூடக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். பானட்டைத் திறந்தால் தெரியும் ஆரஞ்சு நிறக் கேபிள்களே அதற்குக் காரணம். 201.6 வோல்ட் பாட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை இன்வெர்ட்டர் 500 வோல்ட் வரை உயர்த்தி மோட்டார்களுக்கு அனுப்பும் பாதை அது. அதற்குரிய பயிற்சியும் ரப்பர்க் கையுறையும் இல்லாதவர் அதில் கை வைக்கலாகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எஞ்சின் ஆயிலையோ, கூலன்ட்டையோ, எஞ்சின், மோட்டார்களின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் டிரான்ஸ்ஆக்ஸில் என்ற பெட்டியின் எண்ணெயையோ மாற்றுகிறவருக்கு அந்தக் கேபிளைத் தீண்ட வேண்டிய அவசியம் ஓரிடத்திலும் நேர்வதில்லை. உண்மையான அபாயம் வேறொன்று. 'ரெடி' என்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை, ஓசையின்றி உறங்குவதுபோல் காணப்படும் இந்த வண்டியின் எஞ்சின், பாட்டரியில் சார்ஜ் குறைந்ததென்று கணினிக்குத் தோன்றிய மறுகணமே தானாகப் புறப்பட்டுவிடும். ஆகையால் வண்டியை முற்றிலும் அணைத்து, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்த பிறகே அடியில் தலையை நீட்ட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது, ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை இருத்த வேண்டும் என்பது எல்லாக் கார்களுக்கும் பொதுவான நியமம்.

எஞ்சின் ஆயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வடிகட்டியோடு சேர்த்து மாற்றினால் 3.7 லிட்டர், கையேடு குறிப்பிடுவது 5டபிள்யூ-30, வேலை மற்ற கார்களில் செய்வதேதான். ஒரு விஷயத்தை மட்டும் இங்கே நின்று யோசிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போதும், இறக்கத்தில் இறங்கும்போதும், குடியிருப்புத் தெருக்களில் மெல்ல ஊரும்போதும் எஞ்சின் ஓய்ந்துவிடுவதால், மீட்டரில் ஏறும் கிலோமீட்டர்களில் ஒரு பகுதி எஞ்சின் ஓடாமலே ஏறியவை; அதனால் ஆயில் அவ்வளவாக உழைக்கவில்லை, இன்னும் கொஞ்சநாள் கிடக்கட்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆயில் கெடுவது உழைப்பினால் மட்டுமன்று. பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகச் சிறுதூரமே போய்வரும் வண்டியில், எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்கு முன்பே அணைந்து, ஆறி, மறுபடி பிறந்து, மறுபடி அணைகிறது. சூடேறிய எஞ்சினில் ஆவியாகிப் போயிருக்க வேண்டிய நீர்த்துளியும் எரியாத பெட்ரோலும் அந்த ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. உழைப்பிலிருந்து விடுதலை பெற்ற பொருள் காலத்திலிருந்தும் விடுதலை பெற்றுவிட்டதாகக் கருதுவதுதான் ஹைப்ரிட் காரைப் பொறுத்தவரை நம்மை அடிக்கடி ஏமாற்றும் எண்ணம் என்பது என் அபிப்பிராயம். கிலோமீட்டர் கணக்கு நிறைவதற்குள் மாதக் கணக்கு நிறைந்துவிட்டால் மாதக் கணக்குக்கே மதிப்புக் கொடுத்து ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

இனி டிரான்ஸ்ஆக்ஸில். இந்த வண்டியின் பெருமையெல்லாம் எந்த இடத்தில் குடியிருக்கிறதோ அந்த இடம் இது. சாதாரண ஆட்டோமாட்டிக் காரில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரும், கிளட்ச் தட்டுகளும், ஒன்று இரண்டு மூன்று என்று மாறும் கியர்களும் இதில் கிடையா. ஒரு சூரியப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்களும், அவற்றை வளைத்துக்கொண்டு ஒரு வெளி வளையமுமாக அமைந்த ஒரே தொகுதியில், எஞ்சின் ஒரு பக்கமும் இரண்டு மின்மோட்டார்கள் மற்ற இரு பக்கங்களிலும் கோக்கப்பட்டிருக்கின்றன. முதல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், சில சமயம் திசையையே மாற்றியும், எஞ்சினின் சக்தியில் எவ்வளவு சக்கரத்துக்கு, எவ்வளவு மின்சாரத்துக்கு என்று பங்கிடுகிறது கணினி. அந்த முதல் மோட்டார் நிமிஷத்துக்குப் பதினாயிரம் சுற்றுவரை சுழலக்கூடியது. இவ்வளவும், இந்தத் தலைமுறை வண்டியிலிருக்கும் கனமான சங்கிலியும் உட்பட, 3.8 லிட்டர் எண்ணெயை நம்பி நடக்கின்றன. டபிள்யூ.எஸ். என்ற குறியீடு பெற்ற அந்தச் சிவந்த எண்ணெய் பற்களுக்கிடையே படலமாக நிற்கிறது, பேரிங்குகளை நனைக்கிறது, மோட்டார்களின் தாமிரச் சுருள்களிலிருந்து சூட்டை வாங்கி அலுமினிய உறைக்குக் கடத்துகிறது, இத்தனை மின்சாரத்துக்கு நடுவே தான் மின்சாரத்தைக் கடத்தாமலும் இருக்கிறது. கையில் கிடைத்த வேறொரு கியர் ஆயிலை இதற்குள் ஊற்றக் கூடாது என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த நாலாவது கடமையே.

டென்னஸி மாநிலத்து ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தார் 2004-ஆம் வருஷத்துப் பிரியஸின் இந்தத் தொகுதியைப் பிரித்துப் பரீட்சித்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டாவது மோட்டாருக்குச் சொல்லப்படும் 50 கிலோவாட் என்பது சிறிது நேரம் மட்டுமே கொடுக்கக்கூடிய சக்தி, தொடர்ந்து கொடுக்கக்கூடியது அதைவிட வெகுவாகக் குறைவு, அந்த எல்லையை வகுப்பது உள்ளே தேங்கும் சூடு என்பது அதிலிருந்து விளங்கும். மோட்டாரின் பலம் காந்தத்திலும் தாமிரத்திலும் மட்டும் இல்லை, சூட்டைச் சுமந்துகொண்டு வெளியேறும் திரவத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு பாரம் சுமக்கும் எண்ணெய்க்கு, அமெரிக்க உரிமையாளருக்குத் தரப்படும் பராமரிப்புக் கையேடு, சாதாரண உபயோகத்தில் இத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்று என்று ஒரு கெடுவைக் குறிக்கவில்லை. பரிசோதிக்கும்படி மட்டும் சொல்கிறது. அடுத்த தெருவில் குடியிருக்கும் மதுரைக்கார நண்பர் ஒருவர், நான் இதற்காக வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஒரு சனிக்கிழமை வந்து, "கம்பெனிக்காரனே மாத்தச் சொல்லலையேண்ணே, நீங்க எதுக்கு இம்புட்டு மெனக்கெடுறீங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்லாமல், வடிந்த எண்ணெய் இருந்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். புதிய எண்ணெயை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பிடித்தால் மாதுளைச் சாற்றைப் போல ஒளி ஊடுருவும். தட்டில் இருந்ததோ கரும்பழுப்பு. சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் மெல்லிய சாம்பல் நிறச் சாயல். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பு இருந்தது, ஆனால் வெயிலில் பிடித்தபோது ரேகைகளுக்கிடையே மிக நுண்ணிய மினுக்கு ஒன்று தங்கியிருந்தது. அது உலோகம். அவர் சிறிது நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் வண்டிக்கும் செய்ய வேண்டும் என்றார்.

கிளட்ச் தட்டுகள் இல்லாத பெட்டியாதலால் அந்தத் தட்டுகளின் உராய்வுப் பொருள் இதில் கரைவதற்கில்லை. கரைவதெல்லாம் பல்லும் பேரிங்கும் சங்கிலியுமே. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும் ஆரம்பகாலத்தில் உதிரும் துகள் அதிகம். ஆகவே தொழிற்சாலையில் ஊற்றிய முதல் எண்ணெய்தான் பெரும்பாலும் மிகக் கறுத்து வெளிவருகிறது, இரண்டாம்முறை வடிப்பது அதைவிடத் தெளிந்திருக்கிறது. எஞ்சினுக்கு இருப்பதுபோல் ஆயில் மாற்றும்போதே கழற்றிப் போட்டுப் புதிதாக மாட்டும் வடிகட்டியும் இங்கில்லை. உதிர்ந்தது உள்ளேயே சுற்றுகிறது. இந்த நிலையில் முதல் லட்சம் கிலோமீட்டருக்குள் ஒருமுறையேனும் மாற்றிவிடுவது விவேகம் என்றே நான் கருதுகிறேன். மாற்றாமலே மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகள் இல்லையா என்றால் உண்டு. அவை அந்தப் பொறியியலாளர்களின் திறமைக்குச் சான்று, எண்ணெய்க்கு மூப்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகா. கையேட்டை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கோடிக்கணக்கான மைல்களின் சராசரியைக் கொண்டு பேசுகிறார்கள், அந்த வண்டியை முதலில் வாங்கியவர் வைத்திருக்கும் காலத்தை மனத்தில் கொண்டு பேசுகிறார்கள். நான்காவது உரிமையாளராக ஓர் இளைஞர் அதைச் சொற்ப விலைக்கு வாங்கி அதை நம்பி வேலைக்குப் போகும் நாளைப் பற்றி அந்த அட்டவணைக்கு அக்கறை இருக்க நியாயமில்லை. நமக்கு இருக்கலாம்.

வேலை கடினமன்று, சிரத்தை வேண்டுவது. முதலாவது, நிரப்பும் துவாரத்தின் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். இருந்த எண்ணெயை எல்லாம் வடித்துவிட்ட பின் நிரப்பும் போல்ட் கழல மறுத்தால் வண்டி இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். இரண்டாவது, அடியில் தெரியும் போல்ட்டுகளில் எது எஞ்சினுக்குரியது, எது டிரான்ஸ்ஆக்ஸிலுக்குரியது, எது கூலன்ட்டுக்குரியது என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் ரெஞ்சைத் திருப்பலாகாது. எஞ்சின் ஆயிலை வடிப்பதாக நினைத்து இந்தச் சிவப்பு எண்ணெயை வடித்துவிட்டு, எஞ்சினில் மேலும் நாலு லிட்டரை ஊற்றி இரண்டையும் ஒருசேரக் கெடுத்தவர்கள் உண்டு. வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், ஏனெனில் இதற்கு அளவுகோல் குச்சி கிடையாது; நிரப்பும் துவாரத்தின் கீழ் விளிம்பே அளவு. பானட்டின் வழியாக ஒரு நீண்ட குழாயை இறக்கி, மேலே புனலை வைத்து மெல்ல ஊற்றினால், விளிம்பை எட்டியதும் மெல்லிய நூலாக வழியத் தொடங்கும். அந்த நூல் சொட்டாக மாறும்வரை காத்திருந்து, புது அலுமினிய வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சில் 39 நியூட்டன் மீட்டர் வைத்து முடுக்க வேண்டும். பலத்தைக் கொண்டு முடுக்கினால் அலுமினிய உறையின் மறை அழிந்துபோகும். ஊற்றிய அளவும் வடிந்த அளவும் ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்று கடைசியில் சரிபார்த்துவிட்டால் மனத்தில் சஞ்சலம் இராது.

கூலன்ட் இந்த வண்டியில் ஒன்றல்ல, இரண்டு தனித்தனி வட்டங்கள். எஞ்சினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கும் மோட்டார்களுக்குமாக மூன்று லிட்டருக்கும் குறைவான மற்றொன்று. இரண்டிலும் அதே இளஞ்சிவப்புத் திரவம், பாதிக்குப் பாதி நீர் கலந்தே விற்கப்படுவது. சிலிகேட் கலந்த பழைய பச்சைத் திரவத்தையும் குழாய்த் தண்ணீரையும் இதில் சேர்ப்பது கூடாது. எஞ்சின் வட்டத்தை முதல்முறை 1,60,000 கிலோமீட்டரிலும் அப்புறம் 80,000-க்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் என் கவலை எப்போதும் சிறிய வட்டத்தைப் பற்றியது. அதை ஓட்டுவது ஒரு சிறு மின்பம்பு. அது நின்றுபோனால் இன்வெர்ட்டர் சூடேறி, வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையின் நடுவிலேயே நின்றுவிடவும் கூடும். 2012 நவம்பரில் டொயோட்டா உலகெங்குமிருந்து பெருந்தொகையான கார்களைப் பழுதுபார்க்கத் திரும்ப அழைத்ததற்கு இந்தப் பம்பும் ஒரு காரணம். அதன் ஆரோக்கியத்தை அறிய ஒரு கருவியும் வேண்டியதில்லை: வண்டி குளிர்ந்திருக்கும்போது 'ரெடி' நிலைக்குக் கொண்டுவந்து, பிரேக்கை நன்றாக இருத்தி, இன்வெர்ட்டர் அருகிலுள்ள சிறு தொட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே நோக்கினால், திரவம் ஒரு பக்கமாகப் பொங்கிச் சுழித்துக்கொண்டிருக்க வேண்டும். சுழிப்பு இருந்தால் பம்பு ஓடுகிறது. குளத்துத் தண்ணீர்போல் அசையாமல் நின்றால் அன்றைய பயணத்தை ஒத்திவைப்பது உத்தமம். எத்தனையோ கணினிகள் சுமந்து செல்லும் ஒரு வண்டியில், கண்ணால் நேரே பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய விஷயம் ஒன்று இப்படி எஞ்சியிருப்பது எனக்கு மிகுந்த நிம்மதியைத் தருகிறது. கூலன்ட்டை மாற்றியபின் உள்ளே காற்றுக் குமிழ் தங்கிவிட்டாலும் இந்தச் சுழிப்பு தளர்ந்து, பம்பின் ஓசை கரகரக்கும். ஆகவே காற்றை முழுதும் வெளியேற்றும்வரை அவசரப்படாமல் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும்.

எஞ்சின் வட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. அமெரிக்காவில் விற்ற இந்தத் தலைமுறை வண்டிகளில், குளிர்ந்த எஞ்சின் கக்கும் புகையைக் குறைப்பதற்காக, ஓடும்போது சூடேறிய கூலன்ட்டில் ஏறத்தாழ மூன்று லிட்டரை, வெற்றிடச் சுவர் கொண்ட ஒரு கலத்தில் பத்திரப்படுத்தி, மறுநாள் புறப்படுமுன் எஞ்சினுக்குள் செலுத்துகிறார்கள். மூன்று நாள்வரையில்கூட அதில் வெப்பம் தங்கும். இரயில் பிரயாணத்துக்கு நாம் காப்பி கொண்டுபோகும் பிளாஸ்க்கின் தத்துவமே இது. வண்டி நேற்றிரவிலிருந்து நிற்கிறது, எல்லாம் ஆறியிருக்கும் என்ற துணிச்சலில் அந்தக் கலத்தின் அடைப்பைத் திறப்பவரின் கையை வெந்நீர் பதம்பார்த்துவிடும். மற்றக் கார்களில் சம்பாதித்த அனுபவமே இங்கு அபாயமாக மாறுகிறது. வேலை தொடங்குமுன் அந்தந்த வண்டிக்குரிய கையேட்டைப் படித்துத் தீர வேண்டும் என்று நான் மன்றாடுவது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

பிரேக் திரவம் மட்டும் நான் கை வைக்காமல் விடும் ஒன்று; ஆனால் மறந்துவிடும் ஒன்றல்ல. வேகத்தைக் குறைக்கும் பொறுப்பில் பெரும்பகுதியை மோட்டாரே ஏற்று அந்தச் சக்தியை மின்சாரமாகத் திருப்பிக்கொள்வதால், பிரேக் பட்டைகள் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் தேயாமல் இருக்கின்றன. பட்டை தேயாதபடியால் யாரும் சக்கரத்தைக் கழற்றுவதில்லை. சக்கரத்தைக் கழற்றாதபடியால் திரவத்தின் நினைவும் யாருக்கும் வருவதில்லை. அதுவோ காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் உறிஞ்சும் சுபாவம் உடையது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்ஷியஸ்வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறிய பின் தரவிதி எதிர்பார்ப்பது 140 டிகிரியைத்தான். நீண்ட மலை இறக்கத்தில் பாட்டரி நிறைந்துபோய் மோட்டார் மேற்கொண்டு வாங்க இயலாமல் போகும் வேளையில் பழைய முறைப் பிரேக்கே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. வருஷக்கணக்கில் ஓய்ந்திருந்த திரவத்துக்கு அன்றுதான் பரீட்சை. ஜப்பானில் புது வண்டிக்கு மூன்றாம் வருஷத்திலும் பின்னர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் நடக்கும் ஷாக்கேன் என்ற கட்டாயச் சோதனையின்போது இதை மாற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கம் எல்லா நாட்டுக்கும் ஏற்றது. ஏன் நானே செய்வதில்லை என்றால், இந்தப் பிரேக் காலால் மட்டும் இயங்குவதல்ல. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தவுடன் முன்பக்கத்திலிருந்து ஒரு சிறு ரீங்காரம் கேட்கும். அது பிரேக்கின் பம்பு விழித்துக்கொண்டு அழுத்தத்தைச் சேகரிக்கும் ஓசை. குழாய் திறந்திருக்கும்போது அது விழித்துக்கொண்டால் காற்று உள்ளே போய்விடும். முறைப்படி காற்றை நீக்க அதற்குரிய ஸ்கேன் கருவியுடன் கணினிக்குக் கட்டளையிட வேண்டும். அந்தக் கருவியும் அதில் தேர்ந்த கையும் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோய், எந்தத் தேதியில் மாற்றியது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். தானே செய்வது என்பதற்குள் எதைத் தான் செய்யக் கூடாது என்று அறிவதும் அடங்கியதே.

வடித்தெடுத்ததை என்ன செய்வது என்பதையும் சொல்லாமல் விட்டால் காரியம் பாதியில் நின்றதாகும். கலிபோர்னியாவில் பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்ள அரசு அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் இருக்கின்றன. உதிரிபாகக் கடைகள் பலவும் அப்படிப்பட்டவையே. எஞ்சின் ஆயிலையும் டிரான்ஸ்ஆக்ஸில் எண்ணெயையும் காசு கேளாமல் வாங்கிக்கொண்டு மறுசுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்கள். கூலன்ட் அந்த வகையில் சேராது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் தெருநாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும். சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லப் போதுமானது. ஆகவே தரையில் சிந்திய துளியைக்கூட அங்கேயே துடைத்தெடுக்க வேண்டும், சாக்கடையில் ஒரு சொட்டும் விடலாகாது. அதையும் பிரேக் திரவத்தையும் ஜில்லா நிர்வாகம் நடத்தும் வீட்டு அபாயக்கழிவு நிலையத்தில் தனித்தனியாகவே ஒப்படைக்க வேண்டும். எண்ணெய்க் குப்பியில் ஒரு கிண்ணம் கூலன்ட் கலந்துவிட்டாலும் அந்தக் குப்பி முழுவதையும் எண்ணெய் நிலையத்தில் ஏற்க மறுத்துவிடுவார்கள். எனவே எந்தப் பாத்திரம் எந்தத் திரவத்துக்கு என்று மேலே பெயரெழுதி ஒட்டிய பிறகுதான் நான் முதல் போல்ட்டைத் தளர்த்துவது.